கெங்காரைக் காட்டுங்கோ மாமா

அக்காவின் மகளுக்கு ஒன்பது வயது. போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், டப்லெட்டில் போக்கிமான் கார்ட்டூன் பார்த்தபடியே கேட்டாள்: "மாமா, உங்களுக்கு எந்தப் போக்கிமான் விருப்பம்?"

பிக்காச்சு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். முப்பத்தைந்து வயது மனிதனுக்குரிய கம்பீரத்தோடு "கெங்கார்" என்றேன். பிள்ளையின் கண் விரிந்தது. "உங்கட்ட இருக்கா? காட்டுங்கோ!"

நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியை எடுத்து, போக்கிமான் வயலட் விளையாட்டைத் திறந்து, காட்டினேன். இரண்டு விநாடி பார்த்தாள். "இது கெங்கார் இல்லையே மாமா. இது ஹோண்டர்."

அவ்வளவுதான். திரும்ப டப்லெட்டுக்குள் போய்விட்டாள். இன்றைக்கு வியாழன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போக்கிமான் என்பது விதவிதமான பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் ஜப்பானிய விளையாட்டு. போக்கிமான் பட்டியலில் 92ஆம் இலக்கம் காஸ்ட்லி. (இந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் விலை கூடிய பேய் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய?) வெறும் வாயுவும் முகமும். அதை 25ஆம் லெவல் வரை வளர்த்தால் 93ஆம் இலக்கம் ஹோண்டர் ஆகிவிடும். உடம்பை விட்டுத் தனியாக மிதக்கும் இரண்டு கைகள், நீட்டிய நாக்கு. அதற்கு அடுத்தது 94, கெங்கார். குண்டு வயிறு, சிவந்த கண், காது வரை கிழிந்த சிரிப்பு. சுற்றியிருக்கும் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும், திடீரென்று குளிர்ந்தால் பக்கத்தில் கெங்கார் நிற்கிறது என்று விளையாட்டின் பிராணி அகராதியான போக்கிடெக்ஸ் சொல்லும். கொழும்பில் ஏப்ரல் மாதத்தில் கரண்ட் போன இரவில் வியர்த்துக் கிடந்தவனுக்கு இதைவிடப் பிடித்தமான பிராணி எங்கிருந்து வரும்?

ஆனால் ஹோண்டர் தானாகக் கெங்கார் ஆகாது. 25இல் இருந்து 100 வரை ஏற்றினாலும் ஆகாது. இன்னொரு மனிதனுக்கு அதை அனுப்ப வேண்டும். அவனுடைய திரையில் போய்த்தான் அது கெங்காராக மாறும். பிறகு அவன் மனம் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். என் ஹோண்டர் இப்போது 81ஆம் லெவலில் நிற்கிறது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆள் வருமா வருமா என்று.

எனக்கு வாய்த்த விருப்பம் எல்லாம் இப்படித்தான், அதுதான் எரிச்சல். மஷாம்ப் பிடிக்கும். நான்கு கை, இரண்டு விநாடிக்குள் ஆயிரம் குத்து. பின்னேரம் ஐந்தரைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியில் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பையையும் பிடித்துக்கொண்டு, கொண்டக்டர் மிச்சக் காசை நீட்டும்போது வாயால் வாங்கலாமா என்று யோசித்தவனுக்குத்தான் நான்கு கையின் அருமை தெரியும். அதற்கும் ஆள் வேண்டும். சிஸர் பிடிக்கும். செக்கச்சிவப்பு, கொடுக்கு இரண்டிலும் கண் மாதிரிக் கோலம், தூரத்தில் பார்த்தால் மூன்று தலை போலத் தெரியும். ஒரு உலோகக் கவசத்தையும் கொடுத்து அனுப்பி, இன்னொருவனிடம் போய் வர வேண்டும். கோலெமும் அப்படியே. (ஒரு நாள் ஃபோனில் யாரிடமோ "கோலெம் இல்லாமல் கிடக்கு" என்று புலம்பியதைக் கேட்ட அம்மா, "நான் போடுறன், மாவை எடு" என்றார்.)

மிலோடிக் கதை இன்னும் மோசம். முதலில் அது ஃபீபாஸ் என்ற அழுக்கு மீன். 2002இல் ஜப்பானில் வந்த ரூபி, சபையர் பதிப்புகளில் 119ஆம் பாதையில் ஓடும் ஆற்றில் ஆறே ஆறு கட்டங்களில்தான் அது கிடைக்கும். கட்டம் கட்டமாகத் தூண்டில் போட வேண்டும். பிறகு இனிப்பு மாதிரி ஒன்றைக் காய்ச்சிக் காய்ச்சி ஊட்டி, அதன் அழகை ஏற்ற வேண்டும். கஷ்டம்தான். ஆனால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் போதும், நானே செய்தேன். அப்புறம் வந்த பிளாக், வைட் பதிப்புகளில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு செதிலைக் கையில் கொடுத்து இன்னொருவனுக்கு அனுப்பு என்றார்கள். தனியாள் ஒருவன் பாடுபட்டுப் பெறக்கூடியதாக இருந்த ஒன்றே ஒன்றையும் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள்.

இதன் மூலக் கதை அழகானது, அதை மறுக்கவில்லை. போக்கிமானை உருவாக்கிய சத்தோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். கேம் போய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டை இணைக்கும் வயரைப் பார்த்ததும் அவருக்கு அதற்குள்ளால் பூச்சிகள் ஊர்ந்து போவது போலத் தோன்றியதாம். அதிலிருந்துதான் எல்லாம். 1996 பெப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகள் வந்தன. ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். வகுப்பில் பத்துப் பேரிடம் கேம் போய் இருக்கும் ஊருக்கு அது அற்புதமான யோசனை. என் வகுப்பில் ஒரு கல்குலேட்டரை ஏழு பேர் பாவித்தோம்.

சரி, எனக்கும் ஒரு தடவை வாய்த்தது. லண்டனிலிருந்து வந்த மாமா கேம் போய் அட்வான்ஸும் போக்கிமான் ஃபயர்ரெட்டும் கொண்டுவந்து தந்தார். டியூசனுக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒருத்தனிடம் அதன் ஜோடிப் பதிப்பான லீஃப்கிரீன் இருந்தது, வயரும் இருந்தது. கணக்கு வகுப்பு முடிந்து வாசற்படியில் உட்கார்ந்து, மஷாம்பின் முந்தைய உருவமான என் மஷோக்கை அனுப்பினேன். அவனுடைய சின்னத் திரையில் அது வெள்ளையாக மின்னி, மின்னி, நான்கு கையோடு நின்றது. இரண்டு பேரும் கத்தினோம். திருப்பி அனுப்புவதற்குள் அவனுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடித்தார். "மச்சான், அடுத்த கிழமை தாறன்டா." அடுத்த கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. வகுப்பு மாறிவிட்டான் என்றார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஃபேஸ்புக்கில் கண்டேன், ஆள் மெல்பர்னில். என் மஷாம்புக்கு இந்நேரம் ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்திருக்கும்.

வெளியே அனுப்பினால்தான் உருப்படும். இந்த விதியை எழுதியது ஜப்பானில் இருந்த யாரோ என்று நம்ப முடியவில்லை, எங்கள் ஊர்த் தாய் தகப்பன் உட்கார்ந்து எழுதியது போலவே இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் இந்த விளையாட்டு தெரிந்த நான்கு பேரும் இப்போது நான்கு நேர வலயங்களில் இருக்கிறார்கள். ஹோண்டரும் நானும் இங்கே.

விளையாட்டுக்கு உள்ளேயே நக்கலும் அடிக்கிறார்கள். டயமண்ட் பதிப்பில் ஸ்னோபொயிண்ட் என்ற பனி நகரத்தில் ஒரு பெண் நிற்பாள். உன் மெடிச்சாமைத் தா, நான் ஹோண்டர் தருகிறேன் என்பாள். விளையாட்டுக்குள்ளேயே பண்டமாற்று! அப்படியென்றால் கையில் வந்ததும் கெங்கார்தானே? நானும் அப்படித்தான் துள்ளினேன். வந்தது. மாறவில்லை. பார்த்தால் அதன் கையில் எவர்ஸ்டோன். மாறாமல் தடுக்கும் கல்! வேண்டுமென்றே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சும்மா ஒரு குறும்பாம். நண்பன் இருப்பவனுக்கு அது குறும்பு. எனக்கு அது செருப்படி.

சரி, வேறு வழியே செய்ய முடியாதா என்றால், முடியும்! செய்தும் காட்டிவிட்டார்கள்! அதுதான் வயிற்றெரிச்சல். 2022 ஜனவரியில் வந்த போக்கிமான் லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் விளையாட்டில் லிங்கிங் கோர்ட் என்று ஒரு பொருள். சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து வாங்கலாம். ஹோண்டருக்குக் கொடுத்தால் உடனே கெங்கார். ஆள் தேவையில்லை, இணையம் தேவையில்லை. அந்த மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணி நேரம் கரண்ட் இல்லை. பால்கனியில் நுளம்போடு உட்கார்ந்து, ஸ்விட்சில் மிச்சமிருந்த சார்ஜில், கெங்கார் வெளிச்சத்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். ஒரு பொட்டுக் காற்றுக்கூட வீசவில்லை, ஆனாலும் குளிர்ந்தது என்றுதான் சொல்வேன்.

பத்து மாதத்தில், நவம்பரில், ஸ்கார்லெட், வயலட் என்ற ஜோடிப் பதிப்புகள் வந்தன. லிங்கிங் கோர்ட் இல்லை. எடுத்துவிட்டார்கள். பழையபடி ஆள் தேடு.

எனக்குத் தெரியாது பாருங்கள். டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போன வருடம் அது. வயலட் வாங்கக் காசு போதாமல் ஆர்சியஸ் கேம் கார்டை விற்றுவிட்டேன். கெங்கார் இப்போதும் என் ஸ்விட்சின் சேமிப்பில்தான் இருக்கிறது. கார்ட் இல்லாமல் அந்த விளையாட்டைத் திறக்க முடியாது. வீடு என்னுடையது, சாவி வேறு ஆளிடம்.

வயலட்டில் புதிதாக ஒரு டொல்பினும் வைத்தார்கள். பெயர் ஃபினிசன். 38ஆம் லெவலுக்குப் பிறகு அது பலாஃபின் ஆகும், ஆனால் இன்னொரு ஆளோடு சேர்ந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது மட்டும். அனுப்பக்கூடத் தேவையில்லை, பக்கத்தில் ஒரு ஜீவன் இருந்தால் போதுமாம். என் வீட்டிலிருந்து மெரின் டிரைவைத் தாண்டினால் கடல், உண்மையான டொல்பினைப் பார்ப்பது சுலபம் போல.

"ஒன்லைனில் மாத்தலாமே" என்று சொல்லப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒன்லைனுக்குச் சந்தா. மாதத்துக்கு 4 டொலர், வருடத்துக்கு 20. அறிமுகமில்லாதவனிடம் அனுப்பினால் கெங்காரைப் பார்த்ததும் தொடர்பைத் துண்டித்துக்கொண்டு ஓடிவிடுவான் (மெல்பர்ன்காரன் ஞாபகம்). அதனால் டொரன்டோவில் இருக்கும் பெரியம்மா மகனைப் பிடித்தேன். அவனிடம் ஸ்கார்லெட் இருக்கிறது. "சனிக்கிழமை கட்டாயம் மச்சான்" என்றான். நம்பி ஒரு மாதச் சந்தா கட்டினேன். சனிக்கிழமை ஓவர்டைம். அடுத்த சனிக்கிழமை பிள்ளைக்கு நீச்சல். அதற்கடுத்தது யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கு, ஸ்காபரோவில் மண்டபம். மாதம் முடிந்தது. இப்படி மூன்று தடவை, 12 டொலர். அந்தக் காசுக்கு நூறு கொத்து ரொட்டி சாப்பிட்டிருக்கலாம் என்று எழுத நினைத்தேன், இன்றைய விலைக்கு மூன்று நான்குதான் வரும்.

"ரெய்டில் கெங்காரைப் பிடிக்கலாமே" என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பெரிய சண்டை ஒன்றில் வென்று பிடிக்கலாம், தெரியும். அது நான் வளர்த்தது இல்லை. காஸ்ட்லியாக இருந்த காலத்திலிருந்து நான் தூக்கி வளர்த்ததை மூலையில் விட்டுவிட்டு ரெடிமேட் ஒன்றைக் கொண்டுவந்து நடு ஹோலில் வைக்கச் சொல்கிறீர்களா?

கடைசியாக ஒரு வாய்ப்பு வந்தது. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் இருக்கும் கட்டடத்தில் ஒரு கடைக்காரர், தன்னிடம் இன்னொரு போக்கிமான்காரர் வருவார் என்று சொல்லி, அவரைக் கேட்டுவிட்டே நம்பர் தந்தார். இரத்மலானைப் பக்கம், சிங்களப் பெடியன். மெஜெஸ்டிக் சிட்டி சாப்பாட்டுத் தளத்தில் சந்திப்பதாக ஏற்பாடு. ஹோண்டரை முன்வரிசைக்கு எடுத்து, ஃபுல் சார்ஜோடு, பதினைந்து நிமிடம் முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். அவனும் நேரத்துக்கு வந்தான். பையைத் திறந்தான். எடுத்தான்.

ஸ்வோர்ட்.

வயலட் இல்லை, ஸ்வோர்ட். 2019இல் வந்த பழைய போக்கிமான் விளையாட்டு. இரண்டுக்கும் இடையில் நேரடியாக மாற்ற முடியாது. கடைக்காரருக்கு எல்லாம் ஒரே போக்கிமான், அவரை எப்படிக் குறை சொல்வது? அவன் என் திரையைப் பார்த்தான், நான் அவனுடையதைப் பார்த்தேன். அவனிடம் மஷோக் ஒன்று. 70ஆம் லெவல். ஒன்றரை வருடமாக ஆள் தேடுகிறானாம். என் அரைகுறைச் சிங்களத்திலும் அவனுடைய அரைகுறைத் தமிழிலும் சேர்ந்து முக்கால் மணி நேரம் திட்டினோம். ஆளுக்கொரு ஃபலூடா குடித்தோம். காசு அவன்தான் கொடுத்தான், விடவில்லை.

போகும்போது சொன்னான், சம்பளம் வந்தால் ஸ்கார்லெட் வாங்கலாம் என்று யோசிக்கிறானாம். அவனுடைய மஷோக்குக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, அது ஸ்வோர்டிலேயே கிடக்கும். அதைச் சொன்னேன். "தெரியும் அண்ணே, உங்கட பேயாவது மாறட்டும்" என்றான்.

அது நடந்து இரண்டு மாதம். கேட்டு வட்ஸ்அப் போட வெட்கமாக இருக்கிறது. அக்காவின் மகள் வருகிற ஞாயிறும் வருகிறாளாம்.