கணினியில் அழித்தால் மேகத்திலும் அழியும்

"ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) ஏறிய படங்களைக் கணினியிலிருந்து தாராளமாக அழிக்கலாம், மேகத்தில் (இணையச் சேமிப்பில்) பத்திரமாக இருக்கும்" என்றொரு தகவல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள்.

ஒத்திசைவு (sync) கணினி, மேகம் என்ற இரு பக்கங்களையும் ஒன்றுபோல் வைத்திருக்கும். ஒன்டிரைவ் கோப்புறையில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும், அதே கணக்கில் இணைந்த மற்றக் கணினிகளிலும் அது போய்விடும். தனிநபர் கணக்கில் அது ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் காத்திருக்கும், அதற்குள் மீட்கலாம். 1860ஆம் ஆண்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலில் வந்த முன்னோரின் ஒப்பந்தத் தாள்களை வருடி (ஸ்கேன் செய்து) வைத்திருக்கும் வீடுகள் இங்கே பல. அவற்றை இப்படி இழப்பது கொடுமை.

இடம்தான் வேண்டுமென்றால், கோப்பின் மேல் வலது சொடுக்கி, இடத்தைக் காலியாக்கும் தெரிவை (Free up space) அழுத்துங்கள். பச்சைக் குறி மறைந்து நீல மேகம் தோன்றும். கோப்பு மேகத்தில் இருக்கும். திறக்க இணையம் வேண்டும். நீல மேகம் உள்ள கோப்பை அழித்தாலும் மேகத்திலிருந்து போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

அரிய ஆவணங்களுக்கு, ஒத்திசையாத வெளி வன்தட்டில் இன்னொரு நகல் கட்டாயம் வேண்டும்.