பினாங்குக்கு வருகிறவர்களே, தீவை ரவுண்டு அடிக்காதீர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், கோலாலம்பூர், ஈப்போ பக்கத்து நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பினாங்கு தீவை ஒரு ரவுண்டு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதுதான். காரில் நாலைந்து மணி நேரத்தில் அடித்துவிடலாம். ஆனால் கடலோரக் கம்பங்களை, அதாவது சிற்றூர்களை, பார்க்கும் ஆசையில் வருகிறவர்களுக்கு அதைவிட மோசமான வழி கிடையாது. தெலுக் பஹாங்கைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி மலைக்குள் ஏறிவிடும். பாலிக் பூலாவில் இறங்கி, மறுபடி கெந்திங் மேட்டில் ஏறி, தெலுக் கும்பாருக்கு வந்த பிறகுதான் மீண்டும் கரை. வரைபடத்தில் பூலாவ் பெத்தோங்கும் கெர்த்தாக் சங்குலும் பக்கத்துப் பக்கத்து ஊர் மாதிரி தெரியும். நடுவில் மலை நிற்கிறது. கார் போகும் கடலோரப் பாதை கிடையாது. அழகான கம்பங்கள் எல்லாம் கிளைச் சாலைகளின் கடைசியில் இருக்கின்றன. போன வழியேதான் திரும்பி வர வேண்டும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஒரு நாளுக்கு ஒரு கரை. எந்தக் கரை, எத்தனை மணிக்கு என்பதைக் கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பினாங்குத் தீவின் முதுகெலும்பு கருங்கல். வடக்கே அந்தக் கல் நேராகக் கடலில் இறங்குகிறது. அதனால்தான் தஞ்சோங் பூங்கா முதல் முக்கா ஹெட் வரை உருண்டைப் பாறைகளும் இடையிடையே சின்னச் சின்ன மணல் விரிகுடாக்களுமாக இருக்கும். மேற்குக் கரை அப்படியே வேறு. அங்கே ஆறுகள் கொண்டு வந்த சேறு, அலையாத்திக் காடு, பின்னால் சுங்கை பூரோங் நெல்வயல். இரண்டுக்கும் நேரக் கணக்கு ஒன்றல்ல.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறி இறங்கும். அந்த நாட்களில் உச்ச ஏற்றம் நண்பகல் வாக்கில் வரும். வற்றம் காலை ஆறு ஏழு மணிக்கும் மாலை அதே நேரத்துக்கும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அஷ்டமிக்கு வரும்போது கணக்கு தலைகீழாகி, நண்பகலில் வற்றம், மாலையில் ஏற்றம் என்றாகும். ஏற்ற இறக்கத்தின் அளவும் குறைந்துவிடும். வீட்டில் தமிழ் நாள்காட்டி தொங்கினால் திதியைப் பார்த்தே பாதித் திட்டம் போட்டுவிடலாம். துல்லியமான நேரத்துக்குப் பினாங்குக்கான ஏற்ற வற்ற அட்டவணையைப் பாருங்கள். காற்றுக்கும் மழைக்கும் வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலி போதும்.

மேற்கே இந்த 2 மீட்டர்தான் எல்லாம். சேற்றுக் கரை மிகச் சரிவு குறைந்தது, தண்ணீர் இறங்கினால் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். கோலா சுங்கை பினாங்கிலும் பூலாவ் பெத்தோங்கிலும் வற்ற நேரத்தில் போய் நின்றால் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளையும் நாற்றத்தையும்தான் பார்ப்பீர்கள். "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் வந்தவர்கள். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்பு வரை போங்கள். ஆற்று வாய் ஆழமில்லாததால் படகுகளும் தண்ணீரோடுதான் உள்ளே வரும். மீன் இறங்குவதையும் அப்போதே பார்த்துவிடலாம். சூரியன் மறைவதை நிறைந்த நீரோடு பார்க்க ஆசையா? பௌர்ணமியைத் தேடாதீர்கள், அன்று மாலை வெறும் சேறு. அஷ்டமியை ஒட்டி வாருங்கள்.

வடக்குக்கு வருவோம். பத்து ஃபிரிங்கி கடற்கரையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சனி, ஞாயிறு காலை 9 மணிக்கு மேல் அந்தக் குறுகிய சாலையில் சிக்கினால் அரை நாள் போச்சு என்பது மட்டும் போதும். ஜார்ஜ் டவுனிலிருந்து ஏழு மணிக்குள் கிளம்பி, தெலுக் பஹாங்கில் போய்ப் பசியாறுங்கள். கார் இல்லாதவர்களுக்கு ஜெட்டி, கொம்தாரிலிருந்து 101 பஸ் நேராகத் தெலுக் பஹாங் வரை போகும்.

அங்கே சாலை முடியும் இடத்தில்தான் 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. வாசலில் பெயர் பதிந்துவிட்டு, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். மழைக்குப் பிறகு மண் சரிந்து சில பகுதிகளை மூடிவிடுவார்கள். கொஞ்ச தூரத்தில் பாதை பிரியும். கரையோரமாகப் போனால் தெலுக் அலிங், குரங்குக் கடற்கரை, அதற்கும் மேலே 1883-இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடதுபக்கம் மலையேறினால் பந்தாய் கெராச்சுட், வாசலிலிருந்து மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாளில் இரண்டும் வேண்டாம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் கெராச்சுட்டைத் தேர்ந்தெடுங்கள். கடலாமைப் பாதுகாப்பு நிலையம் அங்கே இருக்கிறது. கரைக்குப் பின்னால் ஓர் ஏரியும் உண்டு. மலை ஓடையின் நல்ல தண்ணீர் மேலேயும், கனமான உப்புத் தண்ணீர் அடியிலுமாகக் கலக்காமல் நிற்கும் அபூர்வமான ஏரி. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் அது வற்றி வெறும் மணலாகிவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காலைக் குளிரில் நடந்து போய், படகில் திரும்புவது நல்லது. ஆனால் படகை நம்பி மாலை வரை உட்கார்ந்திருக்கக் கூடாது. பிற்பகலில் காற்று எழும்பினால் படகுக்காரர் வரமாட்டார், வருவதும் சரியில்லை. அப்போது காட்டு வழியேதான் திரும்ப வேண்டும். வெளிச்சம் இருக்க இரண்டு மணி நேரம் கையில் வையுங்கள். ஏறும் முன்பே தலைக்கா படகுக்கா என்று விலையைக் கேளுங்கள், உயிர்காப்பு அங்கியைக் கண்ணால் பாருங்கள், படகுக்காரரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும்.

பாறையில் ஏறும் முன் ஒரு நிமிடம் நின்று அதன் நிறத்தைப் பாருங்கள். மேலே வெளிறிய சாம்பல் நிறம், அது காய்ந்த கல், காலுக்குப் பிடிக்கும். கீழே சிப்பியும் கொட்டலசும் ஒட்டிய சொரசொரப்பு, வழுக்காது, ஆனால் கத்தி போல் அறுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். நுண்பாசி படிந்த பட்டை அது. காய்ந்திருக்கும்போது சாதாரணக் கல் மாதிரி இருக்கும், ஓர் அலை நனைத்துவிட்டால் எந்தச் செருப்பும் நிற்காது. விழுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். பாறை தாண்டி அடுத்த விரிகுடாவுக்குப் போகிறவர்கள் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போது போங்கள். ஏறும்போது போனால் திரும்பும் வழி மூடிவிடும்.

கெராச்சுட்டில் குளிக்கவே வேண்டாம், அடியிழுப்பு பலமானது. ஜெல்லிமீன் பினாங்குக் கரை முழுக்க உண்டு, உயிருக்கு ஆபத்தான பெட்டி ஜெல்லிமீனும் அதில் அடக்கம். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். சமையல் காடி (வினிகர்) அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, உடனே மருத்துவமனை. ஒரு சின்னப் போத்தல் காடி என்ன கனமா?

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். 26 டிசம்பர் 2004 ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். கரையில் பொழுதுபோக்க வந்த குடும்பங்கள் அதில் இருந்தன. வற்ற நேரம் இல்லாதபோது கடல் திடீரென்று பின்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

மேற்குக்குப் போகிறவர்கள் தெலுக் பஹாங், பாலிக் பூலாவ் மலைச்சாலையின் தீத்தி கெராவாங் வளைவுகளில் இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். பாலிக் பூலாவ் லக்சா நூடல்ஸில் அசாம், சியாம் என்ற இரண்டு வகையிலும் மீனும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் உண்டு. வெள்ளிக்கிழமை சைவக்காரர்கள் வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொள்வது உத்தமம்.

தெற்குக் கரைக்கு எனக்குத் தனி இடம் உண்டு. சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்த்தாக் சங்குல். கெர்த்தாக் சங்குலில் படகுகள் மணலிலேயே ஏறி நிற்கும். இந்தத் தெற்குக் கடலில்தான் 2023-இல் மண் கொட்டித் தீவு உருவாக்கும் வேலை தொடங்கியது. அந்த மீனவர்கள் கவலையோடுதான் கடலுக்குப் போகிறார்கள். நாம் செய்யக்கூடியது, பேரங்காடிக்குப் போகும் காசை அங்கே கொடுப்பது. ரொக்கமாக, சில்லறையாகக் கொண்டு போங்கள். செவுள் சிவப்பாக, கண் புடைத்து இருக்கும் கெம்போங் மீன் வாங்குங்கள். மீன் ஒரு கிலோவுக்குப் பொடித்த ஐஸ் ஒரு கிலோ, ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன். பெட்டியில் உருகும் தண்ணீரை வழியில் வடித்துவிடுங்கள். அதிலேயே ஊறினால் ஈப்போ போய்ச் சேர்வதற்குள் சதை குழைந்துவிடும்.