“யார் போட்டது?” என்ற ஒரே கேள்வி

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். எந்தத் தவறு நடந்தாலும் மறுநாள் காலைக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி “யார் போட்டது?” என்பதுதான். அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். எப்படி நடந்தது என்று கேட்க எவருக்கும் நேரம் இருந்ததில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் எங்கள் வார்டில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்திகளில் விற்கப்படுகிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மற்றொன்றில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40க்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் கையில் இருப்பது இரண்டுமே ஒல்லியான வெள்ளைக் குழாய்கள். உருளையில் அச்சிட்ட பொடி எழுத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். எங்கள் வார்டில் இந்த இரண்டு வகைச் சிரிஞ்சுகளும் ஒரே தட்டில் கலந்து கிடக்கின்றன. வார்டில் வழக்கமாகப் போடுவது 40. ஆனால் நோயாளிகளின் வீட்டார் வெளிக்கடையில் வாங்கி வருவது சில நேரம் 100ஆக இருக்கும்.

அன்றிரவு 28 நோயாளிகளுக்கு இரண்டே செவிலியர். பணியில் சேர்ந்து ஐந்து மாதமே ஆன ஒரு பெண், சாப்பாட்டுக்கு முன் ஒரு பெரியவருக்கு 16 யூனிட் போட வேண்டும். வீட்டிலிருந்து வந்த குப்பி 100. பழக்கத்தில் அவள் கை எடுத்தது சிவப்பு மூடிச் சிரிஞ்சு. அதில் 16 என்ற கோடு வரை இழுத்தால் 0.4 மில்லி வரும். அந்தக் குப்பியில் அது 40 யூனிட். எழுதிய அளவைப் போல இரண்டரை மடங்கு. இரவு பத்தரை மணிக்குப் பெரியவரின் சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறல். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 38. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே நாங்கள் பதறுவோம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றிச் சில நிமிடங்களில் அவர் கண் திறந்து மகளைப் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

என்ன நடந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் குப்பைத் தொட்டியில் கிடந்த சிவப்பு மூடியைத் தேடி எடுத்து, குப்பியையும் அதையும் சேர்த்து என்னிடம் நீட்டி, “அக்கா, நான்தான் போட்டேன். சிரிஞ்சு மாறிப்போச்சு” என்றாள். டியூட்டி டாக்டரிடமும் அவளே சொன்னாள். கேஸ் ஷீட்டிலும் அவளே எழுதினாள். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பெரியவர் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் சுகர் இறங்கிவிட்டது என்று எழுதி மூடியிருப்போம். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படித்தான் போயிருக்கும்.

மறுநாள் 9 மணிக்குக் கூட்டம், 11 மணிக்கு அவள் வேலை போய்விட்டது. அவளை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டிப் பேருந்தில் ஏற்றிவிட்டவள் நான். படியில் கால் வைத்தவள் திரும்பி, “அக்கா, நான் சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ?” என்று கேட்டாள். கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளை அனுப்பிவிட்டு நிர்வாகம் செய்த ஒரே காரியம், அனைவரும் மிகுந்த கவனத்துடன் பணியாற்ற வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையை ஒட்டியதுதான். கவனமாம்! பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி, ஒருபுறம் டிரிப் முடிந்துவிட்டதென்று அட்டெண்டர் கத்த, மறுபுறம் புது அட்மிஷன் வந்து நிற்க, ஒன்றைப் போலவே இருக்கும் இரண்டு பொருள்களை ஒரே தட்டில் போட்டுவைத்துவிட்டு, கவனத்தை மட்டும் எங்களிடம் கேட்பவர்கள், அந்தத் தட்டை இரண்டாகப் பிரிக்கும் பத்து நிமிட வேலையை ஏன் செய்யவில்லை? வெளிக்குப்பி வந்தால் அதன் மேல் பெரிதாக 100 என்று எழுதி ஒட்டச் சொல்ல ஏன் யாருக்கும் தோன்றவில்லை? வார்டுக்கு ஒரே அடர்த்திதான் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்த ஐந்து மாதப் பெண்ணிடமா இருந்தது?

இது உலகத்துக்குப் புதிய பாடமும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கையின் பின்பக்க மடலை (ஃபிளாப்) மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட, விமானம் வயிற்றால் தரையில் உரசியது. விமானிகளின் கவனக்குறைவு என்றுதான் அங்கும் முதலில் சொன்னார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, அருகருகே இருந்தன. சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், மற்றதன் நுனியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். தொட்டாலே எது எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும். இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர விசையின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது. எங்கள் தட்டில் கிடக்கும் சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும் அந்த இரண்டு விசைகள்தான்.

அதே விமானத் துறைக்காக அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு அறிக்கை முறையை நடத்திவருகிறது. தெரியாமல் செய்த தவறைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால், அனுப்பியவரின் பெயரை நீக்கிவிட்டுத் தவறை மட்டும் வைத்துக்கொள்வார்கள். விபத்திலோ குற்றத்திலோ முடியாத விதிமீறல் என்றால், வழக்கமாக அவருக்குத் தண்டனையும் கிடையாது. எங்களிடமும் சம்பவ அறிக்கைப் படிவம் இருக்கிறது. தரச்சான்று பெற அது வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். அதன் முதல் கட்டம் ‘பொறுப்பானவர் பெயர்’. அந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகு மீதியை எவள் நிரப்புவாள்?

தண்டிக்காவிட்டால் அலட்சியம் பெருகிவிடும் என்று எங்கள் மேலாளர் சொல்கிறார். குடித்துவிட்டு டியூட்டிக்கு வருபவனையும், போடாத ஊசியைப் போட்டதாக எழுதுபவளையும் தண்டியுங்கள். நான் கூடவே நிற்கிறேன். ஆனால் நீங்கள் தண்டித்தது அலட்சியத்தையா? அன்றிரவு அந்த வார்டில் உண்மையைச் சொன்ன ஒரே வாயைத்தானே அடைத்தீர்கள்?

விளைவைக் கேளுங்கள். அதற்குப் பிறகு எங்கள் வார்டிலிருந்து ஒரு அறிக்கைகூடப் போகவில்லை. மாதாந்தரக் கூட்டத்தில் அந்தப் பூஜ்யத்தைத் திரையில் காட்டிக் கைதட்டினார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம்தான், எங்களுடைய மூத்த செவிலியர் ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் தணிந்த குரலில் என்னிடம் சொல்லியிருந்தார்: அதே தட்டு, அதே சிவப்பு மூடி, அதே 100 குப்பி. ஊசி தோலில் படும் முன் குப்பியின் எண் கண்ணில் பட்டதால் சிரிஞ்சை நீடில் கட்டரில் போட்டு நொறுக்கிவிட்டாராம். எழுதிக் கொடுக்கலாமே என்றேன். “எனக்கு ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல படிக்குது” என்றார். நானும் கைதட்டல் முடியும்வரை வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் இன்று என்னை எழுத வைத்திருக்கிறது.

நேற்று நானே இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்து சிரிஞ்சுகளைப் பிரித்து வைத்தேன். அனுமதி இல்லாத பொருள் என்று ஸ்டோரிலிருந்து வந்து எடுத்துப் போய்விட்டார்கள். இன்று நிர்வாகத்துக்கு என் பெயரும் கையெழுத்தும் போட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். அதில் இரண்டே கோரிக்கைகள். தட்டைப் பிரியுங்கள். உசிலம்பட்டிக்கு ஆள் அனுப்பி அந்தப் பெண்ணைத் திரும்ப அழையுங்கள். அன்றிரவு அந்தத் தட்டின் முன் நின்று அவள் என்ன பார்த்தாள், கை எங்கே போனது என்று அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.