வலை கட்ட ஆளில்லை, படம் பிடிக்க ஆளுண்டு

திருகோணமலையில் கரப்பந்தாட்டச் சங்கச் செயலாளராகி ஒரு வருடம். செயலாளர் என்றால் வலை கட்டுபவர், கோடு போடுபவர், பந்துக்குக் காற்றடிப்பவர் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

எட்டு மணிக்குப் போட்டி. பத்து மணிக்குக் கோல் எடுத்தால், "அண்ணே, கிண்ணியாப் பாலத்தில நிக்கிறம்." பின்னால் கோழி கூவுகிறது. பாலத்தில் ஏது கோழி?

ஆண்களுக்கு 2.43 மீற்றர் என்று நாடா பிடித்து அளந்து கட்டினாலும், தோற்ற அணி வந்து "வலை உயரம் கூட" என்னும். அதே வலைக்கு மேலால்தானே மற்றவன் அடித்து வென்றான்?

கூட்டத்துக்கு வருவது நான்கு பேர். பரிசளிப்பு மேடையிலோ பதினெட்டுப் பேர்! பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர். ஒலிவாங்கியைப் பிடித்தவரெல்லாம் "கரப்பந்தாட்டம் நமது தேசிய விளையாட்டு" என்கிறார். 1991இலேயே அறிவித்தாயிற்று ஐயா! அந்தத் தேசிய விளையாட்டுக்கு ஒரு புது வலை வாங்கித் தந்தால் என்ன? இப்போதிருக்கும் ஓட்டைக்குள்ளால் நம்மூர் பிரெட்ரிக் கோட்டையில் திரியும் மான் ஒன்று கொம்போடு போய்வரும்.

"சங்கக் காசு எங்கே?" என்று வேறு கேள்வி. (சந்தா கட்டாதவர்தான் கேட்கிறார்.) என் பெற்றோல் காசை யாரிடம் கேட்பது?

சரி, நாளையும் போட்டி. வளைந்த தூண் இரண்டும் என் வீட்டு விறாந்தையில்தான் கிடக்கின்றன. மனைவி அதில் உடுப்புக் காயப்போட்டிருக்கிறாள்.