உச்சியில் ஒரு முடிச்சு

(ஜனவரி 25, மாலை. ஓர் அடுக்ககத்தின் கொடிக்கம்பத்தடி. சங்கச் செயலாளரும் காவலாளி முருகேசனும்.)

செயலாளர்: முருகேசண்ணே, கொடியைக் கீழயே கட்டி வைங்க. விருந்தினர் மெதுவா இழுத்து ஏத்தட்டும். போட்டோ எடுக்கணும்.

முருகேசன்: அது ஆகஸ்ட் 15 சார். நாளைக்குக் கொடி சுருட்டின மேனிக்கு உச்சியில இருக்கணும். அவர் ஒரு இழு இழுத்தா விரியும், அவ்வளவுதான்.

செயலாளர்: ரெண்டும் கொடியேத்தம்தானே?

முருகேசன்: 1947-ல வெள்ளைக்காரன் கொடி இறங்குச்சு, நம்ம கொடி ஏறுச்சு. அதான் ஆகஸ்ட்ல கீழ இருந்து மேல. 1950 ஜனவரி 26-ல அரசியலமைப்பு அமலுக்கு வந்தப்போ நம்ம கொடி ஏற்கெனவே மேலதான் இருந்துச்சு. விரிக்கிறதோட சரி. டெல்லியிலயும் ஆகஸ்ட்ல பிரதமர், ஜனவரியில ஜனாதிபதி.

செயலாளர்: நம்மூர்க் கோட்டையில முதல்வர் ஏத்துறாரே?

முருகேசன்: ஆகஸ்ட்ல. அதுவும் 1974-ல இருந்துதான். அதுக்கு முன்னால கவர்னர். கலைஞர் டெல்லிகிட்ட கேட்டு வாங்கின உரிமை சார்.

செயலாளர்: அப்போ இங்கயும் ஜனவரிக்குத் தலைவர், ஆகஸ்ட்டுக்குச் செயலாளர்னு தீர்மானம் போட்டுரலாம்!

முருகேசன்: முதல்ல முடிச்சைப் போடுவோம். இதழை நடுவுல வெச்சு மடிச்சுச் சுருட்டியாச்சா? கொடியோட கீழ் முனைக் கயித்தால ரெண்டு சுத்து. கடைசியில ஷூ லேஸ் மாதிரி ஒத்தைக் காது விட்டுச் சொருகுங்க. இழுத்தா உருவிக்கணும்.

செயலாளர்: ரெட்டை முடிச்சாப் போட்டா பலமா இருக்குமே?

முருகேசன்: பலமாத்தான் இருக்கும். தேசியகீதம் 52 விநாடி. அது முடிஞ்ச பிறகும் விருந்தினர் இழுத்துக்கிட்டே இருப்பார். இப்போ ஒத்திகைதான், நிஜ முடிச்சு காலையில. ராத்திரியே போட்டா பனியில பருத்திக் கயிறு நனைஞ்சு இறுகிரும்.

செயலாளர்: முழு ரோஜாவே நாலு போட்டுட்டேன், பளிச்சுனு இருக்கும்.

முருகேசன்: உதிர்த்த இதழ் ரெண்டு கைப்பிடி போதும், ஈரம் இல்லாம. நனைஞ்ச இதழ் துணியில ஒட்டிக்கும், சாயமும் இறங்கும்.

செயலாளர்: பிள்ளைங்களுக்குச் சாக்லேட்டும் சேர்த்து...

முருகேசன்: கொடியைப் பையா ஆக்கக் கூடாதுனு விதியே இருக்கு சார். விரிக்கிறதுக்கு முன்னால உள்ள வைக்கிற பூ இதழுக்கு மட்டும் விலக்கு. விருந்தினருக்கு வேற வழுக்கை.

செயலாளர்: சரி சரி. காவி மேலதானே இருக்கு?

முருகேசன்: சுருட்டின பிறகு கேட்டா? பிரிங்க. காவிப் பக்கத்து முனையில பேனாவால இல்ல, நூலால ஒரு அடையாளம் கட்டுங்க. தலைகீழா விரிஞ்சா அந்தப் போட்டோதான் ஊரெல்லாம் சுத்தும்.

செயலாளர்: பேனர் ரெடி. போன ஆகஸ்ட் பேனர்ல '79வது' இருந்துச்சு. 9-ஐ 7 ஆக்கிட்டேன்.

முருகேசன்: கணக்கு சரிதான், 1950-ல நடந்ததே முதலாவது. மேல 'சுதந்திர தினம்'னு இருக்கே?

செயலாளர்: அதுக்கு மேல மாலை போட்டு மறைச்சுரலாம். இப்போ இழுத்துப் பார்க்கவா?

(பிரித்துச் சரிபார்த்துச் சுருட்டிய கொடி உச்சிக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. செயலாளர் இழுக்கிறார். முடிச்சு அவிழவில்லை. கொடி மூட்டையாக அப்படியே கீழே வருகிறது. முருகேசன் பாய்ந்து, தரையில் படாமல் மார்போடு பிடிக்கிறார்.)

முருகேசன்: ஏத்தின கயிறைக் கொக்கியில இறுக்கிக் கட்டியிருந்தேனே சார்! அது இருந்தாத்தான் கொடி மேலயே நிக்கும், முடிச்சு மட்டும் உருவும்.

செயலாளர்: அதுவா? சும்மா சுத்தியிருக்குனு நினைச்சேன்.

முருகேசன்: அவுத்துட்டீங்களா?

செயலாளர்: பேனர் கட்டக் கயிறு பத்தலைண்ணே. ஒரு மூணு முழம்தான் வெட்டினேன்.