கோயபல்ஸ் சொன்னதாகச் சுற்றும் வாசகம்: உண்மை என்ன?

"ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடும்." நாஜி பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் சொன்னதாக இந்த வாசகம் அவர் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் இப்படிப் பேசியதற்கோ எழுதியதற்கோ ஆதாரம் கிடைத்ததில்லை.

கிடைப்பது வேறு. 1941 ஜனவரியில் சர்ச்சிலைத் தாக்கி எழுதிய கட்டுரையில், பெரிய பொய்யாகச் சொல்லி அதிலேயே நிற்பது ஆங்கிலேயர்களின் வழக்கம் என்று அவர் குற்றம்சாட்டினார். பொய் சொல்வதுதான் என் வேலை என்று எந்தப் பிரச்சார அமைச்சராவது ஊரறிய அறிவிப்பாரா?

தவறான மேற்கோள்தானே, போகட்டும் என்று விட முடியவில்லை. திரும்பச் சொன்னதாலேயே ஜெர்மானியர்கள் மயங்கிவிட்டார்கள் என்று இது நம்ப வைக்கிறது. நடந்தது அதைவிடக் கொடுமை. மறுத்துப் பேசும் குரல்கள் முதலில் அடைக்கப்பட்டன. 1933 அக்டோபரில் வந்த சட்டம் பத்திரிகையாளர்களை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது, யூதர்களை அந்தத் தொழிலிலிருந்தே விரட்டியது. அதே ஆண்டு 76 மார்க் விலையில் மலிவு வானொலி விற்பனைக்கு வந்தது. ஹிட்லரின் பேச்சு வீட்டுக்குள்ளேயே ஒலித்தது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலியைக் கேட்பதே குற்றமானது. கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனைகூட விதிக்கலாம்.

அப்புறம் பிள்ளைகள். 10 வயதிலிருந்தே ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேருவது 1939 மார்ச்சில் கட்டாயமானது. அனுப்பாத பெற்றோருக்கு அபராதமோ சிறையோ காத்திருந்தது.