0.5 பெரிசா, 0.35 பெரிசா?

வேலைவாய்ப்புக்கு உதவுவது என்றாலே முகாம் நடத்துவது, மூன்று மாதப் பயிற்சி கொடுப்பது, சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுப்பது என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஐடிஐயில், இயந்திர பாகங்களை அளந்து ராவிப் பொருத்தும் ஃபிட்டர் வேலை படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வேலைக்கான தகுதி மூன்றாம் வகுப்பிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

ஃபிட்டர் வேலைக்கு வந்தவன் முதலில் கையில் எடுப்பது, நுட்பமாக நீளம் அளக்கும் வெர்னியர் காலிப்பர். மெயின் ஸ்கேலில் ஒரு கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர். அதன்மேல் நகரும் சின்ன ஸ்கேலில் 49 மில்லிமீட்டரை 50 பங்காகப் பிரித்திருப்பார்கள். இரண்டு கோடும் நேராகச் சேரும் இடத்தைப் பிடித்தால் 0.02 மில்லிமீட்டர் வரை அளந்துவிடலாம். பார்க்கக் கஷ்டமாகத் தெரியும், ஆனால் தசமம் புரிந்தவனுக்கு ஒரு மணி நேரப் பாடம். தசமம் புரியாதவனுக்கு இரண்டு வருஷப் படிப்பு முடிந்தாலும் வராது. பத்தாம் வகுப்பு பாஸாகி வந்த பையனிடம் "0.5 பெரிசா, 0.35 பெரிசா?" என்று கேட்டால், "முப்பத்தஞ்சுதான சார் பெரிசு" என்பான். ஒருவன் இருவர் இல்லை, வருஷா வருஷம் இப்படிப் பிள்ளைகள் வந்தார்கள்.

அவன் மந்தமான பையன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரத்தைக் கையில் கொடுத்து ராவச் சொன்னால் மட்டம் வைத்துப் பார்த்தாலும் வெளிச்சம் தெரியாதபடி ராவித் தருவான். பைக் இன்ஜினைக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டுவான். அந்தக் கைக்கு வேண்டிய கணக்கை எட்டு, பத்து வருஷம் பள்ளிக்கு வந்த காலத்தில் யாரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. பாடம் நடந்தது, பரீட்சை நடந்தது, அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். அவன் அம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் படிக்க வைத்தவர். பிள்ளை பாஸ் என்றால் படித்துவிட்டான் என்றுதானே அவர் நம்புவார்?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பத்து வயதுப் பிள்ளைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு எளிய ஒரு பத்தியைக் கூடப் படித்துப் புரிந்துகொள்ள முடியாது என்று கொரோனாவுக்குப் பின் 2022ல் உலக வங்கி மதிப்பிட்டது. இந்தப் பிள்ளைகள் இருபது வயதுக்கு வரும்போது நாம் மூன்று மாதப் பயிற்சி கொடுக்கிறோம். பலன் எப்படி இருக்கும்? வளரும் நாடுகளில் நடந்த பயிற்சித் திட்டங்களை உலக வங்கிப் பொருளாதார அறிஞர் டேவிட் மெக்கென்சி 2017ல் தொகுத்துப் பார்த்தார். 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அதனால் கூடுதலாக வேலை கிடைப்பது மூன்று பேருக்கும் குறைவு. அந்த எண்ணைப் படித்த நாளில் எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அதற்காக, வளர்ந்துவிட்ட பிள்ளைகளைக் கைவிட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் வேலை தேடும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குப் பஸ் காசு கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரை உட்கார வைத்து விண்ணப்பம் எழுதவும் நேர்காணலில் பேசவும் சொல்லிக் கொடுத்து, திறனைச் சோதித்து, முதலாளி நம்புகிற மாதிரி சான்றிதழ் தந்தார்கள். இரண்டாவது கூட்டம் நான்கு வருஷம் கழித்தும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தது. குறைவாகப் படித்தவர்களுக்குத்தான் அதிக பலன். சோதித்துக் கொடுத்த சான்றிதழுக்கு இருக்கிற மதிப்பு, வந்து உட்கார்ந்ததற்குக் கொடுக்கிற சான்றிதழுக்கு வராது.

பஸ் காசையும் லேசாக எண்ணாதீர்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் தொழிற்சாலையை 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். நல்ல விஷயம். ஆனால் திசையன்விளைப் பக்கத்துப் பெண் ஒரு இன்டர்வியூவுக்கு அங்கே வர, பஸ் மாறி மாறி அரை நாள் போகும். பெண்களுக்கான இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், புறநகர்ப் பேருந்துக்குக் கிடையாது. அரசு உதவித்தொகையோ, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அந்த உதவியைப் படிப்பு முடித்த முதல் ஆறு மாதத்தில் பயணச் செலவாகக் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் வீட்டோடு முடங்காமல் இருப்பார்கள்.

அப்புறம், நாமே செய்து காட்டிய ஒன்று இருக்கிறது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய, தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக் கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில், கொரோனாவில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த மீட்சியில் கால் பங்கு அளவுக்கு இந்தத் திட்டத்தால் வந்தது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது மாதம் 1000 ரூபாய்.

ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு முறையான பயிற்சியும் கௌரவமான சம்பளமும் கொடுத்து, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார வைக்கலாம். ஒரே செலவில் அவர்களுக்கு வேலை, பிள்ளைகளுக்குப் படிப்பு. ஐடிஐகளிலும் முதல் மூன்று மாதம் மெஷின் பக்கம் போகும் முன் பின்னமும் தசமமும் சொல்லிக் கொடுக்கட்டும். சிலபஸ் தாமதமானால் ஆகட்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அடுத்த முறை போங்கள். பெயிண்ட், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்தபிறகு, ஐந்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகம் வாசிக்க வருகிறது என்று கேளுங்கள். கேட்டு, வந்த பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.